களைதலும் காத்தலும்

ஓர் இல்லத்தின் ஒழுங்கை அதன் முன்கூடத்தைக் கொண்டு அறிவதிலும் அதன் பரணைக் கொண்டு அறிவதே பொருத்தமாகும். வேண்டியது இன்னது, வேண்டாதது இன்னது என்று தெரிந்தோர் வாழும் வீட்டின் பரண் செவ்வனே அமைந்திருக்கும். தெரியாதோர் வீட்டுப் பரணிலோ பாட்டனார் காலத்துக் காணி உறுதியும் கம்பி முறிந்த குடையும் ஒருங்கே கிடக்கும். இடம் போதாத நாளில் யாரோ ஒருவர் ஏறி அனைத்தையும் வாரிக் கொட்டுவார். குடையோடு உறுதியும் போய்விடும். பின்னர் வழக்கு வந்த காலத்திலே அழுது பயன் என்ன?

இந்நிலை இன்று நம் நாட்டுக் காரியாலயங்களுக்கு நேர்ந்துள்ளது. கடிதமும் கோவையும் இருந்த இடத்தை மின்னஞ்சல் பிடித்துக்கொண்டது. அம்மின்னஞ்சல்களைத் தாங்கி நிற்கும் வழங்கி என்னும் பொறியும் ஒரு பரணே. அது நிறைந்ததும் புதிய அஞ்சல் உள்ளே வர மறுக்கிறது, அனுப்பியது திரும்பி வருகிறது, அலுவல் தடைப்படுகிறது. அப்போது மேலிடத்திலிருந்து ஒரு கட்டளை பிறக்கிறது: “இரண்டாண்டுக்கு முற்பட்ட அஞ்சல் அனைத்தையும் வெள்ளிக்கிழமைக்குள் நீக்குக!” இக்கட்டளை நன்றா, அன்றா, நன்றன்றெனின் செய்யத்தக்கது யாது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். பொறியறிவாளர்க்கு மாத்திரம் உரிய பொருள் இது என்று வாசகர் இதனை ஒதுக்கிவிடலாகாது. காகிதம் இல்லாமையால் நாடே இல்லாதவரான மக்களின் நடுவில் நாம் வாழ்கின்றோம்.

முதலில், இப்பரண் எவ்வாறு நிறைகின்றது என்பதை நோக்குவோம். ஒரு பக்கத் தமிழ்க் கடிதத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் எழுத்துக் குறிகள் இருப்பதாகக் கொள்வோம். இன்று வழங்கும் ஒருங்குறி முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டு ஆகும். எனவே அக்கடிதம் பிடிக்கும் இடம் 6 கிலோபைட்டு. கைப்பேசியிலே பிடித்த விழாப் புகைப்படம் ஒன்றோ 3 மெகாபைட்டு அளவினது. அஃதாவது ஐந்நூறு கடிதங்களுக்குச் சமம். அப்படத்தை ஒருவர் அலுவலகத்தார் நாற்பது பேருக்கும் ஒருமித்து அனுப்பினால், நாற்பது பெட்டிகளில் நாற்பது படிகள் சேர்ந்து 120 மெகாபைட்டு ஆகின்றன. இருபதாயிரம் கடிதங்கள் இருக்கத்தக்க இடத்தை ஒரே ஒரு படம் விழுங்கிவிடுகின்றது. பல அலுவலகங்களில் வழங்கும் மைக்ரோசொப்ட் நிறுவனத்தாரின் எக்ஸ்சேஞ்ச் என்னும் அஞ்சல் வழங்கியிலே, ஒரே இணைப்பைப் பலர் பெற்றாலும் ஒரு படியை மட்டும் சேமித்து வைக்கும் முறை முன்னாளில் இருந்தது. 2010 ஆம் ஆண்டுப் பதிப்போடு அம்முறை கைவிடப்பட்டது. ஆகவே பரணை நிறைப்பவை கடிதங்கள் அல்ல. ஒன்றையொன்று ஒத்த படங்களும் படிகளுமே. இவ்வொரு செய்தியை மனத்தில் இருத்தினால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

இரண்டாவதாக, நீக்கியவுடன் இடம் கிடைத்துவிடும் என்பதும் மயக்கமே. பெட்டியிலிருந்து நீக்கிய அஞ்சல் முதலிலே குப்பைக்கூடையைச் சேரும். கூடையை வெறுமையாக்கிய பின்னரும், தவறி நீக்கியோர் மீட்டுக்கொள்ளும் பொருட்டு அது மறைவாகச் சில நாள் வைக்கப்படும். மேற்சொன்ன வழங்கியில் அதற்கு இயல்பாக அமைந்த கெடு 14 நாள். அக்கெடு கழிந்த பின்னும் தரவுத்தளக் கோப்பின் பருமன் குறைவதில்லை. கோப்பினுள்ளே வெற்றிடம் உண்டாகும். அவ்வெற்றிடத்திலே இனி வரும் அஞ்சல் நிறையும். வெளியிலே வட்டில் இடம் கூடாது. இடத்தைப் புறத்தே பெறவேண்டுமாயின், பெட்டிகளைப் புதியதொரு தரவுத்தளத்துக்கு மாற்றிப் பழையதை அகற்றல் வேண்டும்; அல்லது வழங்கியை நிறுத்திவைத்துக் கோப்பைச் சுருக்குதல் வேண்டும். இதனை அறியாதார், “இவ்வளவு நீக்கியும் இடம் வரவில்லையே” என்று கலங்கி மேலும் மேலும் நீக்குவர். குருதி நில்லாமைக்குக் காரணம் அறியாது மேலும் கீறும் வைத்தியர் செயலை ஒத்தது இது.

இன்னுமொன்று. அவ்வழங்கி தான் செய்யும் ஒவ்வொரு செயலையும் நாட்குறிப்புப்போல் பதிவுக் கோப்புகளில் எழுதி வைக்கின்றது. முழுமையான காப்புப்பிரதி ஒன்று எடுத்து முடிந்த பின்னரே அப்பதிவுகள் இயல்பாக அகற்றப்படும். காப்புப்பிரதி எடுக்காத அலுவலகத்தில் அவை மலைபோற் குவிந்து வட்டை நிறைத்து ஈற்றில் வழங்கியையே நிறுத்திவிடும். பல இடங்களில் “இடமில்லை” என்னும் முறைப்பாட்டின் உட்பொருள் “காப்புப்பிரதி இல்லை” என்பதே. அத்தகைய இடத்தில் பழங்கடிதங்களைக் களைவது நோய்க்கு மருந்தாகாது. அன்றாடக் காப்புப்பிரதியே மருந்தாகும்.

இனிக் கட்டளைக்கு வருவோம். காலத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டு களைவது எளிது. ஆனால் அது பயிரையும் களையையும் உயரம் பார்த்து அறுப்பது போன்றது. நேற்று வந்த மதிய விருந்து அழைப்பு நாளைக்கு வேண்டியதில்லை. பத்தாண்டின் முன் வந்த நியமனக் கடிதமோ, அதனைப் பெற்றவர் ஓய்வு பெறும் நாளிலே உயிர்நாடியாகும். பழமை பயனின்மைக்கு அடையாளம் அன்று. புதுமை பயனுக்கு அடையாளமும் அன்று. மேலும், களைவதற்கு ஒரு வெள்ளிக்கிழமையைக் கெடுவாகக் கொடுத்தால், அலுவலர் எதையும் வாசியார். அனைத்தையும் தெரிந்து ஒரே சொடுக்கிலே போக்குவர். சிலர் தமக்கு இடையூறான கடிதங்களைப் போக்குதற்கு அதுவே நல்வாய்ப்பு என்றும் கொள்வர்.

“வட்டின் விலை மலிந்துவிட்டதே, எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் என்ன?” என்று வினவுவோரும் உளர். 2004 ஏப்பிரல் முதலாந் திகதி கூகிள் நிறுவனத்தார் ஜிமெயில் என்னும் அஞ்சற் சேவையை ஒரு கிகாபைட்டு இடத்தோடு தொடங்கிய போது, அக்காலத்துப் பிற இலவசச் சேவைகள் சில மெகாபைட்டு இடமே கொடுத்து வந்தன. “இனி எதனையும் நீக்கவேண்டியதில்லை” என்னும் மனப்பான்மை அன்று உலகெங்கும் பரவியது. அம்மனப்பான்மையின் முடிவு எவ்வாறு இருக்கும் என்பதற்குத் தென்கொரியா ஒரு சான்று. அந்நாட்டின் அரச அலுவலர் தம் வேலைப் பத்திரங்களைச் சேமித்து வைக்க 2018 முதல் பொதுச் சேமிப்பகம் ஒன்று நடைபெற்று வந்தது. 2025 செப்ரெம்பர் 26 ஆம் திகதி தேஜோன் நகரிலுள்ள தேசியத் தரவு நிலையத்திலே மின்கலத்தில் மூண்ட தீ அச்சேமிப்பகத்தை அழித்தது. அதிலே இருந்தவை 858 டெராபைட்டு. அதற்குப் புறத்தே காப்புப்பிரதி இருக்கவில்லை. அதற்கு அதிகாரிகள் கூறிய காரணம், அளவு மிகப் பெரிது என்பதே. கல்வியிலும் பொறியறிவிலும் முதன்மை பெற்ற நாட்டிலேயே இவ்வாறாயின், பிறர் நிலை கூறவும் வேண்டுமோ? எல்லாவற்றையும் வைத்திருப்பேன் என்பவன் எதனையும் காக்க இயலாதவனாகின்றான். அளவோடு வைத்திருப்பவனே இரண்டாம் படியும் மூன்றாம் படியும் எடுத்து வைக்க வல்லவன்.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றையும் ஈண்டு எடுத்துக்காட்டல் தகும். 2023 ஓகஸ்ட் மாதத்திலே, கப்பம் கோரும் தீநிரல் ஒன்று இலங்கை அரசாங்கத்தின் மேகக்கணினிச் சேவையைத் தாக்கியது. அரச முகவரியைப் பயன்படுத்திய ஏறத்தாழ 5,000 மின்னஞ்சற் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். வழங்கி அரை நாளில் மீண்டும் இயங்கியது. ஆயினும் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் மீளவில்லை. இருந்த காப்புப்பிரதிகளும் அதே வலையமைப்பிலே இணைந்திருந்தமையால் அவையும் பூட்டப்பட்டுவிட்டன. தனித்து வைத்த படி அக்காலத்துக்கு இருக்கவில்லை. இயங்கி வந்ததோ எக்ஸ்சேஞ்ச் வழங்கியின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கு அளிக்கப்பட்டுவந்த ஆதரவு அவ்வாண்டு ஏப்பிரல் 11 ஆம் திகதியோடு முடிந்திருந்தது. புதுப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் 2021 முதல் இருந்தும் நிதிக் குறைவு முதலியவற்றால் அது தள்ளிப்போயிற்று.

இந்நிகழ்ச்சியின் பாடம் யாது? திருடனின் கொடுமையை மாத்திரம் பேசிப் பயனில்லை. வீட்டுத் திறவுகோலையும் மாற்றுத் திறவுகோலையும் ஒரே ஆணியிலே தொங்கவிட்டோம் என்பதே பாடம். ஏறத்தாழ நூறு நாட்களின் அரச அலுவற் கடிதங்கள் மறைந்தன. அவற்றுள் எவருடைய இடமாற்றம், எவருடைய ஓய்வூதியம், எக்கிராமத்துப் பாதை இருந்ததோ யார் அறிவார்?

இதுபற்றிச் சட்டம் வாளாவிருக்கவில்லை. 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேசிய சுவடிக்கூடச் சட்டம், அரச ஆவணங்களை அலுவலர் தம் விருப்பப்படி அழிப்பதற்குத் தடை விதித்தது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகின்றது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இருந்த ஆவணங்களைப் பத்து ஆண்டுகளுக்குக் குறையாமலும், அதன்பின் உண்டாகும் ஆவணங்களை அவை உண்டான நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமலும் பொது அதிகாரசபைகள் பேணுதல் வேண்டும். ஒருவர் தகவல் கேட்டு விண்ணப்பித்து அது தீராமல் இருக்கும் காலத்தில், அதற்குரிய ஆவணத்தை எக்காரணங் கொண்டும் அழித்தலாகாது. மின்வடிவில் இருப்பதும் ஆவணமே. ஆகவே “இரண்டாண்டுக்கு முற்பட்டன யாவும்” என்னும் கட்டளையை ஓர் அரச அலுவலகம் பிறப்பிக்குமாயின், அது வட்டின் இடத்தைக் காக்கச் சட்டத்தை மீறுவதாகும். மறுபுறம், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கொள்கை, பிறருடைய சொந்தத் தரவுகளைத் தேவைக்கு மேற்பட்ட காலம் வைத்திருக்கக் கூடாது என்பது. எனவே காக்கவும் வேண்டும், களையவும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே நிற்பது அறிவுடைய ஒருவரின் தீர்ப்பேயன்றிப் பொறியின் நாட்காட்டி அன்று.

இவ்விடத்தில் நாவலப்பிட்டியில் வாழும் நாம் பிறரினும் ஆழ்ந்து சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். மகாவலிக் கரையிலே, 1874 இல் புகையிரதம் வந்தெய்திய இவ்வூரைச் சூழ்ந்த தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாக உழைத்தோர் நம் முன்னோர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களைப் பார்த்து, “உன் தந்தை இங்கே பிறந்தமைக்குச் சான்று எங்கே? அல்லது பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்தமைக்குச் சான்று எங்கே?” என்று வினவியது. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டமோ, 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது இங்கே வதிந்தமையை நிறுவுமாறு கேட்டது. விண்ணப்பித்தோர் தொகை 8 இலட்சத்துக்கும் மேல்; ஏற்கப்பட்டோர் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு. லயத்துக் காம்பராவில் வாழ்ந்தவனிடம் பத்திரப் பெட்டி ஏது? அவன் வதிந்தமைக்குச் சான்று துரைமார் கந்தோரின் செக்றோலிலும் பேரேட்டிலும் இருந்தது. அவற்றை வைத்திருப்பதும் எரிப்பதும் அவன் கையில் இருக்கவில்லை. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிலையாக வாழ்ந்தோர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் உரிமை வழங்கும் வரையும் அவ்வினாவின் நிழல் நீங்கவில்லை.

நிழல் முற்றாக நீங்கிவிட்டதென்றும் கூற இயலாது. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதியைப் பெறச் செல்லும் முதியோர், தோட்டப் பதிவிலே ஒரு பெயரும் அடையாள அட்டையிலே ஓரெழுத்து மாறிய பெயரும் இருத்தலால் அலைந்து திரிவதை நாம் கண்டிருக்கின்றோம். தோட்டங்களோ 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் அரசின் கைக்கு மாறின; 1992 இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமைக்கு மாறின. கை மாறுந்தோறும் அலுமாரிகள் திறக்கப்பட்டன, சில பேணப்பட்டன, சில மழை ஈரத்துக்கும் கறையானுக்கும் இரையாயின. இன்று அச்செக்றோல் கணினிக்கும், பெயர் திருத்தக் கேட்கும் கடிதம் மின்னஞ்சலுக்கும் வந்துவிட்டன. அன்று காகிதத்தை எரித்தவன் புகையையாவது கண்டான். இன்று ஒரு சொடுக்கிலே அழிப்பவன் எதனையும் காண்பதில்லை. ஒரு கிழவியின் முப்பது ஆண்டு உழைப்பு, “பழைய அஞ்சல்” என்னும் பெயரிலே போய்விடக்கூடும்.

ஏட்டுச்சுவடிகளைக் காத்த நம் முன்னோர் இக்கலையை அறிந்திருந்தனர். பனையோலை என்றும் நிலைப்பதன்று. ஓலை இற்றுப்போகு முன்னே புதிய ஓலையிலே படியெடுத்து வைத்தல் அவர் முறை. எல்லா ஏடுகளையும் படியெடுத்தல் இயலாதாகையால், எதனைப் படியெடுப்பது என்று ஒவ்வொரு தலைமுறையும் ஆராய்ந்து தீர்மானித்தது. ஒரூரில் ஒரு படியும் வேற்றூரில் மற்றொரு படியும் இருந்தமையாற்றான் சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஊரூராய்த் தேடிப் படிகளை ஒப்புநோக்கிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிக்க முடிந்தது. ஆராயாது ஆற்றிலே விட்டனவும் அடுப்பிலே இட்டனவும் மீளவேயில்லை. ஒரே இடத்தில் வைத்தவை ஒரே நாளில் அழிந்தமைக்கு 1981 இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் நெஞ்சை விட்டகலாச் சான்று. அங்கே ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. தெரிந்தெடுத்தல், படியெடுத்தல், வேறிடத்தில் வைத்தல் ஆகிய மூன்றும் ஏட்டுக்கும் ஒன்றே, வழங்கிக்கும் ஒன்றே.

ஆயின் செய்யத்தக்கன யாவை? முதலாவது, களையத் தொடங்குமுன் முழுக் காப்புப்பிரதி ஒன்று எடுத்து, வலையமைப்பினின்று பிரித்து, வேறொரு கட்டடத்திலே வைத்தல் வேண்டும். அதனை ஆண்டுக்கு ஒருமுறையேனும் திறந்து மீட்டுப் பார்த்தலும் வேண்டும். மீட்டுப் பாராத பிரதி உண்டென்று நம்பத்தக்கதன்று. இரண்டாவது, களைவதைப் பருமனிலிருந்து தொடங்குக, பழமையிலிருந்து தொடங்கற்க. பெரிய இணைப்புகளை வரிசைப்படுத்தி, ஒரே படத்தின் நாற்பது படிகளுள் முப்பத்தொன்பதை நீக்கினால், பல இடங்களில் ஒரு கடிதத்தையும் தொடவேண்டிய தேவை எழாது. மூன்றாவது, இனிமேல் படத்தையும் பெருங்கோப்பையும் அஞ்சலில் இணையாது பொதுக் களஞ்சியத்தில் ஒருமுறை வைத்து, இருக்கும் இடத்தை மட்டும் கடிதத்தில் குறிப்பிடுக. நான்காவது, எவ்வகைக் கடிதம் எத்தனை ஆண்டு இருக்கவேண்டும் என்னும் அட்டவணையைச் சட்டத்துக்கு இயைய எழுதி, அலுவலகத் தலைவர் கையொப்பமிட்டு வைக்கவேண்டும். இத்தீர்ப்பை வழங்கி காக்கும் இளைஞன் தலையில் ஏற்றுதல் முறையன்று; கடிதத்தின் பொருளை அறிந்தவர் தலைமை இலிகிதரே. அமெரிக்க நாட்டின் தேசிய சுவடிக்கூடத்தார் 2013 இல் ஒரு முறை வகுத்தனர். அதன்படி உயர்பதவியில் உள்ளாரின் அஞ்சல் நிரந்தரமாகப் பேணப்படும். ஏனையோரின் அஞ்சல் குறித்த காலம் பேணப்பட்டுப் பின் களையப்படும். ஒவ்வொரு கடிதத்தையும் ஆராய ஆளில்லாத இடத்துக்கு அம்முறை பொருந்தும். ஆயினும் நம் பகுதியில் சம்பளம், சேமலாபம், பெயர்த்திருத்தம், சேவைக்காலம் பற்றிய கடிதங்களைப் பதவி நோக்காது பேணுதல் வேண்டும் என்பது எம் கருத்து. சிறியோர் பற்றிய கடிதத்தைச் சிறிய அலுவலரே எழுதுவார்.

இறுதியாக நம் கல்லூரியைப் பற்றி ஒரு சொல். விழா மலர் ஒன்றைத் தொகுப்போர் எதனைத் தேடிச் செல்கின்றனர்? சேர்விடாப்பையும், சம்பவத்திரட்டுப் புத்தகத்தையும், பழைய மாணவர் சங்கக் கூட்டக் குறிப்பையும், அதிபர்மார் எழுதிய கடிதங்களையுமே. அறுபது ஆண்டுக்கு முன் கற்றவர் இன்று வந்து விடுகைப் பத்திரத்தின் பிரதி கேட்டால், பழுப்பேறிய இடாப்பு அவர் பெயரைக் காட்டி நிற்கின்றது. இன்றைய கல்லூரி அலுவலோ மின்னஞ்சலிலும் கைப்பேசிச் செய்திகளிலும் நடைபெறுகின்றது. சங்கத்தின் தீர்மானங்கள் செயலாளர் ஒருவரின் சொந்தப் பெட்டியிலே கிடக்கின்றன. அவர் பதவி விலகினால் அவையும் அவரோடு போகின்றன. இன்னும் ஐம்பது ஆண்டின் பின் அடுத்த விழா மலரைத் தொகுக்கும் மாணவன் எங்கே தேடுவான்?

ஆகவே சங்கத்தாரும் ஆசிரியர்களும் ஆண்டுதோறும் ஒரு நாளைக் குறித்து, அவ்வாண்டின் கடிதங்களுள் பேணத்தக்கவற்றைத் தெரிந்து, ஒரு படியைக் கல்லூரியிலும் ஒரு படியை வெளியூர்க் கிளையொன்றிலும் வைத்து, முதன்மையானவற்றைக் கடதாசியில் அச்சிட்டுக் கோவையிலும் சேர்ப்பார்களாக. 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் மலர்களையும் எண்ணிம வடிவிலே பேணிவரும் நூலகம் நிறுவனத்துக்கு இம்மலரின் படியொன்றை அனுப்புதலும் நன்று. கணினி வல்ல மாணவர்கள் இப்பணியைத் தம் பொறுப்பாக ஏற்பார்களாயின், அவர்கள் கற்ற கல்வி ஊருக்குப் பயன்பட்டதாகும். எஞ்சிய குப்பையைத் தயங்காது களைக. வட்டிலே இடம் உண்டாகும். வேண்டியதைத் தேடுவோர்க்கு அது கைக்கெட்டும் இடத்திலும் இருக்கும்.